மினியேச்சர் வார்கேமிங்: புதியவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

வீட்டு மேசையில் சின்னச் சின்னப் படைவீரர் பொம்மைகளை நிறுத்தி, இஞ்சு டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டிப் போர் நடத்தும் விளையாட்டைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு வந்த வரிசையிலேயே பதில், கேட்டவர்களை அவரவர் பேட்டைப் பெயரால் குறித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தது சின்னப் படைகள், வண்ணம் பூசுவது, 18ஆம் நூற்றாண்டுச் சண்டைகள். எந்தப் படைப் பட்டியல் எடுத்தால் போட்டியில் ஜெயிக்கலாம் என்று கேட்பவர்கள் வேறு ஆளைப் பாருங்கள்.

வேளச்சேரி: அண்ணா, யூடியூபில் வார்ஹாமர் வீடியோ பார்த்துப் பார்த்துப் பைத்தியமே பிடித்துவிட்டது. முதலில் எதை வாங்க வேண்டும்?

இந்த மாதம் எதுவும் வாங்காதீர்கள். வார்ஹாமர் 40,000 என்ற விண்வெளிப் போர் விளையாட்டு நல்லதுதான். 1987இல் வந்தது இன்னும் தெம்பாக ஓடுகிறது. ஆனால் அதன் முழு ஆட்டம் ஆளுக்கு 2000 புள்ளி (ஒவ்வொரு பொம்மைக்கும் அதன் பலத்துக்கேற்ற புள்ளி உண்டு). அவ்வளவு பொம்மையை வாங்கி, வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசி முடிப்பதற்குள் ஆர்வம் வற்றிவிடும். பெட்டியைப் பிரிக்காமலே பரணில் போட்டவர்கள் இந்த ஊரில் நிறைய.

முதலில் விளையாடிப் பாருங்கள். ஒன் பேஜ் ரூல்ஸ் என்று ஒரு குழு அடிப்படை விதிகளை இலவசமாகத் தருகிறது. அதில் ‘ஃபயர்ஃபைட்’ என்ற சின்ன ஆட்டத்தை எடுங்கள், பக்கத்துக்கு ஏழெட்டுப் பேர் போதும். ஒவ்வொரு வீரனுக்கும் இரண்டே எண்கள்: திறன், தற்காப்பு. நீங்கள் சுடுகிறீர்கள், உங்கள் திறன் 4 என்றால் பகடையில் 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் குண்டு பட்டது. எதிராளி தன் தற்காப்பு எண்ணுக்கு உருட்டுவார், தவறினால் காயம். நிதானமாக நடந்தால் 6 இஞ்சு போய்ச் சுடலாம், ஓடினால் 12 இஞ்சு, ஆனால் சுட முடியாது. நீங்கள் ஒருவனை நகர்த்தினால் அடுத்து அவர் ஒருவனை நகர்த்துவார். இவ்வளவு தெரிந்தால் முதல் ஆட்டம் ஆடிவிடலாம்.

பொம்மைக்கு? காகிதம். இணையத்தில் கிடைக்கும் காகித வீரர்களை ஆண்டர்சன் தெருவில் கெட்டி அட்டை வாங்கி அச்சடித்து, கீழே ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டினால் ஃபேன் காற்றில்கூட விழாது.

இன்னொன்று. சென்னையில் பொம்மை கிடைப்பது கஷ்டமில்லை, எதிராளி கிடைப்பதுதான் கஷ்டம். அதனால் இரண்டு பக்கத்துப் படையையும் நீங்களே வைத்திருங்கள். தம்பியோ ஆபீஸ் நண்பரோ வெறுங்கையோடு வந்து உட்கார்ந்து ஆடும்படி இருக்க வேண்டும். “நீயும் ஒரு படை வாங்கு, அப்புறம் ஆடலாம்” என்றால் அந்த ஆட்டம் நடக்கவே நடக்காது.

பெரம்பூர்: ஸ்ப்ரே பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தேன். பொம்மை முழுக்க மணல் ஒட்டினதுபோல் சொரசொர என்று ஆகிவிட்டது. பிரைமர் போலியா?

பிரைமர்மேல் தப்பில்லை, நம் ஊர் காற்றின்மேல்தான். மே மாத மதியத்தில் மாடியில் அடித்தால், துளி பொம்மையைத் தொடுவதற்குள் பாதி வழியிலேயே காய்ந்து பொடியாக வந்து ஒட்டும். உங்களுக்கு ஆனது அதுதான். ஐப்பசி கார்த்திகையில் அடித்தால் ஈரம் மாட்டிக்கொண்டு வெண்மூட்டமாகப் படியும். ஸ்ப்ரேதான் வேண்டும் என்றால் ஜனவரி, பிப்ரவரியில், வெயில் ஏறுவதற்குள், டப்பாவை நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தூரத்தில், விட்டு விட்டு அடியுங்கள். என்னைக் கேட்டால் சென்னைக்கு ஸ்ப்ரேயே வேண்டாம். பிரஷ்ஷால் பூசும் அக்ரிலிக் பிரைமர் இருக்கிறது. மெல்லிசாக இரண்டு தடவை பூசி ஒரு ராத்திரி விடுங்கள்.

ஆவடி: ஃபெவிக்ரில், கேம்லின் போதுமா? வெளிநாட்டு வண்ணம் வாங்கியே ஆக வேண்டுமா?

தொடங்குவதற்குத் தாராளமாகப் போதும். அந்தக் குப்பிகளில் வண்ணம் கெட்டியாக இருக்கும். அப்படியே எடுத்துப் பூசினால் முகத்தின் மூக்கு, கண் எல்லாம் மூடிப்போகும். பால் பதத்துக்குத் தண்ணீர் கலந்து, ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்தது. வெள்ளி, தங்கம் மட்டும் மினியேச்சருக்கென்றே செய்தவற்றில் ஒவ்வொரு குப்பி வாங்கிக்கொள்ளுங்கள். கைவினை வண்ணத்தின் ஜிகினா இவ்வளவு சின்ன வாளில் துகள் துகளாகத் தெரியும்.

பூசும்போது சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். வேர்க்கும்தான். ஆனால் ஃபேன் ஓடினால் வண்ணம் பிரஷ் நுனியிலேயே காய்ந்துவிடும். ஒரு தட்டையான டிபன் டப்பா, அதில் நனைத்த சமையலறை டிஷ்யூ, மேலே பேக்கிங் பேப்பர். வண்ணத்தை அதன்மேல் வைத்தால் மணிக்கணக்கில் காயாது. வேலை முடிந்ததும் டிஷ்யூவை மாற்றிவிடுங்கள், நம் ஊர் புழுக்கத்தில் சீக்கிரம் பூஞ்சை பிடித்து நாறும்.

குரோம்பேட்டை: வார்ஹாமர் தொடங்கக் குறைந்தது என்ன வாங்கணும்?

வேளச்சேரிக்குச் சொன்னதுதான்.

மேற்கு மாம்பலம்: கண் வரைய 5/0 என்ற மிக மெல்லிய பிரஷ் வாங்கலாமா?

வேண்டாம். அதில் நிற்கும் துளி வண்ணம் பொம்மைக்குப் போவதற்குள் காய்ந்துவிடும். 1ஆம் நம்பர், நுனி கூராகச் சேரும் பிரஷ் ஒன்று போதும். முதல் படைக்குக் கண்ணே வரையாதீர்கள். குழியில் கரும்பழுப்பு வண்ணம் இறக்கினால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கண்ணாகத்தான் தெரியும்.

கே.கே. நகர்: மலை, வீடு, மரமெல்லாம் இறக்குமதி செய்தால் கஸ்டம்ஸோடு சேர்த்து எங்கேயோ போகிறது. என்ன செய்வது?

நவராத்திரிக்குக் கொலுப் படிக்குப் பக்கத்தில் மணல் கொட்டி, கேழ்வரகு முளைக்க வைத்து, கண்ணாடித் துண்டில் குளம் காட்டிப் பார்க் கட்டுவார்களே, உங்கள் வீட்டில் யாராவது அதில் கைதேர்ந்தவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள். என்னைவிட நன்றாகச் சொல்வார்.

ஃபிரிட்ஜ் பெட்டியோடு வரும் தெர்மாகோல் மலைக்கு. அதன்மேல் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், கரைந்து பள்ளம் விழும். ஃபெவிகாலில் மணல் குழைத்துப் பூசிவிட்டு, அது காய்ந்ததும் பிரஷ்ஷால் வண்ணம். தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கினால் காய்ந்த புல். ஈர்க்குச்சி ஈட்டிக் கம்பு. கொதிக்க வைத்த டீத்தூள் நல்ல செம்மண் ஆகும், வெயிலில் முறுக முறுகக் காய வையுங்கள். கடற்கரை மணல் எடுத்தால் நன்றாக அலசுங்கள், உப்பு பூக்கும்.

மயிலாப்பூர்: எனக்கு விண்வெளி எல்லாம் வேண்டாம் சார். நம் ஊரிலேயே நடந்த 1746 அடையாற்றுச் சண்டையை மேசையில் ஆட முடியுமா?

இதற்குத்தான் காத்திருந்தேன். செயின்ட் ஜார்ஜ் கோட்டை அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில். ஆற்காட்டு நவாப் அன்வருதீன் அதை மீட்கத் தன் மூத்த மகன் மஃபூஸ் கானை அனுப்புகிறார். புதுச்சேரியிலிருந்து உதவிக்கு வரும் பிரெஞ்சுத் தளபதி பாராடியின் படையை மறிக்க, மஃபூஸ் கான் சாந்தோமுக்குத் தெற்கே அடையாற்றின் வடகரையில் பீரங்கிகளோடு நிற்கிறார். பாராடியிடம் இருந்தது ஆயிரம் பேர் அளவில், பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அவர்கள் ஆற்றில் இறங்கிக் கடந்து, வரிசையாகச் சுட்டு, துப்பாக்கிக் கத்தியோடு பாய்ந்தார்கள். நவாப் படை சாந்தோம் தெருக்களுக்குள் பின்வாங்கி நெரிசலில் மாட்டிக்கொண்டது.

மேசைக்கு இதைவிட நல்ல சண்டை கிடையாது. ஒரு ஆறு, ஒரு கரை, பின்னால் நாலு தெரு, அவ்வளவுதான்.

அடையாறு: ஒரு நிமிஷம். நவாப் பக்கம் பத்தாயிரம் பேர் என்கிறார்கள். ஆயிரத்துக்குப் பத்தாயிரம் என்றால் அது ஆட்டமா? இரண்டு பக்கமும் சம புள்ளி இருந்தால்தானே நியாயம்?

சம புள்ளி, முன்பின் தெரியாத இரண்டு பேர் போட்டியில் சந்திக்கும்போது சண்டை வராமல் இருப்பதற்கு. வீட்டில் ஆடும்போது படை சமமாக இருக்க வேண்டியதில்லை, இலக்குதான் சமமாக இருக்க வேண்டும்.

பொம்மைகளை ஒட்டி ஒன்றாக நகர்த்தும் ஒரு அட்டைக்கு 250 பேர் என்று வைத்தால் பாராடிக்கு நாலு அட்டை. நவாப்புக்கு நாற்பது வருகிறது. நாற்பதையும் வைக்காதீர்கள், கரையோரம் நின்ற பன்னிரண்டு போதும். இப்போது விதியில் கை வையுங்கள். ஆற்றுக்குள் நகர்வு பாதி. நவாப் பீரங்கி ஒரு முறை சுட்டால் அடுத்த இரண்டு சுற்று சும்மா இருக்கும். அந்தக் காலத்து இந்தியப் பீரங்கிகளைத் திரும்ப நிரப்ப அவ்வளவு நேரம் ஆனது. நவாப் அட்டை ஒவ்வொன்றும் நகர்வதற்கு முன் பகடையில் 4 போட வேண்டும், தளபதியின் யானை 6 இஞ்சுக்குள் இருந்தால் 3 போதும். யானை பின்வாங்கினால் எல்லாருக்கும் 5. எட்டுச் சுற்றுக்குள் பாராடி இரண்டு அட்டையோடு சாந்தோமைத் தொட்டால் அவர் ஜெயித்தார், இல்லாவிட்டால் நவாப். ஆடிப் பாருங்கள், நியாயமா இல்லையா என்று தெரியும்.

அடையாறு: அப்படியென்றால் நவாப் படையை வேண்டுமென்றே முட்டாளாக்குகிறீர்கள்.

முட்டாள் இல்லை, மெதுவு. நன்றாக ஆடும் நவாப், பீரங்கிகளை எல்லாம் ஒரே சுற்றில் வெடிக்காமல் மாற்றி மாற்றிச் சுடுவார். குதிரைப்படையைக் கரையில் நிறுத்தாமல் பக்கவாட்டில் சுற்றி அனுப்புவார். மஃபூஸ் கான் செய்யாததை நீங்கள் செய்யலாம், அதற்காகத்தானே ஆடுகிறோம்?

திருவல்லிக்கேணி: சிப்பாய்கள்தான் அதிகம் என்றால் இதை ஏன் பிரெஞ்சு வெற்றி என்கிறோம்?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். அதனால் வண்ணம் பூசும்போது நாலு அட்டையில் மூன்றைச் சிப்பாய்களாகப் பூசுங்கள். ஐரோப்பிய முறைப் பயிற்சி பெற்ற சின்னக் காலாட்படை பெரிய படையை உடைக்கும் என்று இந்தச் சண்டை காட்டியது. அதற்குப் பிறகு ஆங்கிலேயரும் சிப்பாய்ப் படை திரட்டுவதில் இறங்கினார்கள். 1760 வந்தவாசியில் இரண்டு பக்கமும் அப்படிப்பட்ட படைகளே. உங்களுக்குச் சம பலம்தான் வேண்டும் என்றால், அடையாறு நண்பரே, வந்தவாசி ஆடுங்கள்.

அடையாறு: ஆடத்தான் போகிறேன். நவாப் நான், எட்டுச் சுற்று.

மயிலாப்பூர்க்காரரிடம் தேதி கேளுங்கள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆறுதான்.

அம்பத்தூர்: சார், வார்ஹாமர் ஸ்டார்ட்டர் பெட்டி…

வேளச்சேரி. மேலே. முதல் கேள்வி.

தாம்பரம்: சோழர் படை கட்ட முடியுமா?

முடியும். டிபிஏ என்ற பழைய விதித்தொகுப்பில் பக்கத்துக்குப் பன்னிரண்டே அட்டை; 15 மி.மீ. பொம்மை என்றால் இரண்டடிச் சதுர மேசையில் ஒரு மணி நேரத்தில் ஆட்டம் முடியும். சோழர் என்று பெயர் போட்ட பொம்மையைத் தேடி அலையாமல், பண்டைய இந்தியக் காலாட்களையும் யானைகளையும் வாங்கிக் கேடயத்தில் புலி வரையுங்கள்.

போரூர்: ரெசின் 3டி பிரின்டர் வாங்கினால் பொம்மை மலிவு என்கிறார்கள். வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று அம்மா ஒரே பிடிவாதம்.

அம்மா சொல்வதைக் கேளுங்கள். ரெசின் என்பது ஒளி பட்டால் கெட்டியாகும் திரவம். கெட்டியாகாத ரெசின் தோலில் பட்டால் அலர்ஜி வரும், ஆவியும் நல்லதில்லை. படுக்கையறை, சமையலறை இரண்டும் கூடாது. கதவு வைத்த பால்கனி, நைட்ரைல் கையுறை, காற்றை வெளியே தள்ளும் ஃபேன், இவை இருந்தால் யோசிக்கலாம். அச்சான பொம்மையைக் கழுவிய ஆல்கஹாலை சிங்க்கில் ஊற்றாதீர்கள். மூடாத கண்ணாடி ஜாடியில், குழந்தை, பூனை எட்டாத மொட்டை மாடி வெயிலில் வையுங்கள். ரெசின் கெட்டியாகி அடியில் தங்கும். பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது என்று வாட்ச்மேனிடமும் சொல்லிவையுங்கள்.