பணம் கட்டிவிட்டு ‘ஓடுமா?’ என்று கேட்பவர்களுக்கு

இந்த முறை, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட கம்ப்யூட்டரில் விண்டோஸ் போட்டோ சாஃப்ட்வேர் ஓடுமா என்பது பற்றி மட்டும். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதிலிருந்து இதே கேள்விதான் அதிகம் வருகிறது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கடைக்காரர்களைத் திட்டிய பகுதிகள் போய்விட்டன, மன்னிக்கவும்.

பாஸ்போர்ட் சைஸிலிருந்து கரிஷ்மா என்ற கல்யாண ஆல்பம் வரை எல்லாம் எனக்கு போட்டோஷாப் 7-ல்தான். பழைய கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்காது என்று அக்கா மகன் லினக்ஸ் மின்ட் போட்டுவிட்டான். என் போட்டோஷாப் ஓடுமா?
ஸ்டூடியோக்காரர், ஒட்டன்சத்திரம்

ஓடும். அது 2002-ல் வந்த பதிப்பு என்பதுதான் உங்கள் அதிர்ஷ்டம். சீரியல் நம்பர் கொடுத்தால் போதும். இன்டர்நெட் வழியாக ஆக்டிவேட் செய்யும் வழக்கம் அதற்கு அடுத்த பதிப்பில்தான் தொடங்கியது. விண்டோஸ் சாஃப்ட்வேர்களை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் என்ற இலவச சாஃப்ட்வேரை 32-பிட் பகுதிகளோடு சேர்த்து மின்ட்டில் போடச் சொல்லுங்கள். பிறகு பழைய சிடியிலிருந்து வழக்கம்போல இன்ஸ்டால் செய்யலாம்.

அதற்கு முன், அக்கா மகன் பழைய டிஸ்க்கை அழித்துவிட்டானா என்று கேளுங்கள். எட்டு பாஸ்போர்ட் படத்தை ஒரே தட்டில் அடுக்கித் தரும் ஆக்‌ஷன் ஃபைலும், வருடக்கணக்காகச் சேர்த்த ஃபான்ட்களும் அதில்தான் இருக்கும்.

ஆல்பம் டிசைனுக்கு யு.எஸ்.பி. டாங்கிள் (உரிமத்துக்கான சாவி போன்ற சின்னக் கருவி) செருகி ஓடும் சாஃப்ட்வேர் வைத்திருந்தால் கதை வேறு. டாங்கிளுக்கு விண்டோஸ் டிரைவர் வேண்டும், வைனில் அது பெரும்பாலும் வேலை செய்யாது. போட்டோ பிரிண்டருக்கும் லினக்ஸ் டிரைவர் உண்டா என்று மாடல் எண்ணைப் போட்டுத் தேடிவிடுங்கள். டிரைவரைப் பார்க்காமல் வாங்கிய நெகடிவ் ஸ்கேனர் ஒன்று என் வீட்டுப் பரணில் இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி-க்கு மேல் எதிலும் அசையாது.

அடோபியின் போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர் லைட்ரூம் கிளாசிக் லினக்ஸில் ஓடுமா?
கல்லூரி மாணவி, கோவை

அதை நம்பி லினக்ஸுக்குப் போகாதீர்கள். அதற்குப் பதிலாக லினக்ஸிலேயே ஓடும் டார்க்டேபிள் இலவசம், கேமரா தரும் ரா ஃபைல்களைத் திறக்கும். பழக ஒரு மாதம் எரிச்சலாக இருக்கும்.

லேப்டாப்பில் விண்டோஸ் இல்லை, உபுண்டு என்ற லினக்ஸ்தான் என்றார்கள். “எல்லா எடிட்டிங் சாஃப்ட்வேரும் இதில் ஓடும் சார்” என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பிலும் சொன்னார். நம்பி வாங்கினேன். எதுவும் ஓடவில்லை. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று பில்லைக் காட்டுகிறார்.
திருமணப் புகைப்படக்காரர், செங்கல்பட்டு

உங்கள் மேல் தவறில்லை. கேட்டுத்தான் வாங்கியிருக்கிறீர்கள், பொய் சொன்னது அவர். அந்த வாட்ஸ்அப் செய்தியை இன்றே, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இதில் உங்களுக்கு அதுதான் சாட்சி.

பொருளுக்கு இல்லாத திறனை இருப்பதாகச் சொல்லி விற்பது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. பில்லில் அச்சடித்த ஒரு வரி அதைத் துடைத்துவிடாது. முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

“தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோரே இல்லை” என்று எதிர்த்தரப்பு கிளப்பும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. மனுவில் அதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

799 ரூபாய்க்கு போட்டோஷாப் 2024, லைஃப்டைம் லைசென்ஸ் வாங்கினேன். லினக்ஸில் வைன் வழியாகப் போட்டால் பாதியில் நிற்கிறது. விற்றவர் போனை எடுப்பதில்லை.
டி.டி.பி. சென்டர், கும்பகோணம்

இதை எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது, இருந்தாலும் எழுதுகிறேன். அப்படி ஒரு பொருளே உலகத்தில் இல்லை. ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி அடோபி கடைசியாக வெளியிட்ட போட்டோஷாப், 2012-ல் வந்த சி.எஸ்.6. 2013-லிருந்து புதிய பதிப்புகள் எல்லாம் சந்தாதான். ஆகவே 2024 என்ற எண்ணும் லைஃப்டைம் என்ற சொல்லும் ஒரே விளம்பரத்தில் இருந்தால், விற்பவர் கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த ஃபைலை விற்கிறார். இல்லையென்றால் யாரோ ஒருவருடைய கணக்கில் உங்களை ஒட்டவைக்கிறார். கணக்குக்காரர் விழித்துக்கொள்ளும் நாளில் உங்கள் லைஃப்டைம் முடியும்.

இன்ஸ்டால் செய்யும்போது “ஆன்டிவைரஸை ஆஃப் செய்யுங்கள்” என்று ஒரு குறிப்பு வந்திருக்குமே? அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். “லினக்ஸில் வைரஸ் வராது, பயமில்லை” என்று வேறு சிலர் தைரியம் சொல்கிறார்கள். வைனைத் திறந்து பாருங்கள், இசட் என்று ஒரு டிரைவ் தெரியும். உங்கள் லினக்ஸின் மொத்த ஃபோல்டர்களும் அதற்குள் இருக்கின்றன. வைனில் ஓடும் கிராக், வாடிக்கையாளர்கள் கொடுத்த ஆதார் நகல் வரை எட்டிப் பார்க்கலாம். டி.டி.பி. சென்டரில் அப்படிப்பட்ட ஃபைல் எத்தனை கிடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மலிவின் ருசி எனக்கும் தெரியும். ‘பத்தாயிரம் வெட்டிங் பேக்ரவுண்ட்’ என்று ஒரு டிவிடி வாங்கினேன். முக்கால்வாசி ஒரே ரோஜாப்பூ, நிறம்தான் வேறு. ஆனால் அது என் ஃபைல்களைத் திருடவில்லை. பி.எஸ்.டி. என்ற போட்டோஷாப் ஃபைலைத் திறந்து பெயர் மாற்றுவதுதான் வேலை என்றால் போட்டோபீ என்ற இணையதளம் பிரவுசரிலேயே செய்யும், விளம்பரத்தோடு இலவசம். பணம் கட்டிய ரசீதோடு சைபர் குற்ற உதவி எண் 1930-லும் புகார் கொடுங்கள்.

ராத்திரி 12 மணி ஆஃபரில் ஏ.ஐ. போட்டோ சாஃப்ட்வேர் ஒன்று வாங்கினேன். விண்டோஸ், மேக் மட்டும்தான் என்று காலையில்தான் பார்த்தேன். லினக்ஸுக்குத் தராததற்கு வழக்குப் போடலாமா?
ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

போடலாம். தோற்கவும் செய்யலாம். ரீஃபண்ட் காலம் முடியும் முன் மெயில் அனுப்புங்கள், அப்புறம் தூங்குங்கள்.

அடோபி ஒரு வருடத் திட்டம் எடுத்தேன், மாதாமாதம் கட்டுவது. அடோபி சாஃப்ட்வேர்களை இன்ஸ்டால் செய்யும் கிரியேட்டிவ் கிளவுட் இன்ஸ்டாலர் வைனில் திறக்கவே இல்லை. இரண்டு மாதம் கழித்து ரத்து செய்யப் போனால் அபராதம் கேட்கிறது.
ஆசிரியை, நாகர்கோவில்

முதல் 14 நாளுக்குள் ரத்து செய்திருந்தால் முழுப்பணமும் திரும்பும். அதன்பின் மீதி மாதங்களின் தொகையில் பாதி என்பது அவர்கள் விதி. இந்தக் கட்டணத்தை வாங்குபவர் கண்ணுக்குப் படாமல் வைத்தார்கள் என்று 2024 ஜூனில் அமெரிக்க அரசே அடோபி மேல் வழக்குப் போட்டது. நம் நாட்டிலும் 2023 நவம்பரில் வந்த டார்க் பேட்டர்ன் (வாங்குபவரை ஏமாற்றும் திரை வடிவமைப்பு) வழிகாட்டுதல்களில் சந்தாப் பொறி என்பது தனியாக இடம்பெற்றிருக்கிறது. கட்டணம் உங்களுக்குத் தெளிவாகக் காட்டப்படவில்லை என்றால் 1915-ல் அதைச் சொல்லியே புகார் கொடுங்கள். வங்கியில் ஆட்டோ டெபிட்டை நிறுத்தினால் பணம் போவது நிற்கும், ஒப்பந்தம் முடியாது. அதுவரை, உங்கள் திட்டத்தில் போட்டோஷாப் இருந்தால் பிரவுசரில் ஓடும் பதிப்பும் சேர்ந்தே வரும். குரோமில் திறந்து பாருங்கள். எல்லா வசதியும் இருக்காது, கட்டிய காசுக்கு அதையாவது பயன்படுத்துங்கள்.

வைனில் பழைய போட்டோஷாப் நன்றாக ஓடுகிறது. ஆனால் ‘கொ’ அடித்தால் கொம்பு இடம் மாறி வட்டப் புள்ளியோடு நிற்கிறது. வைனின் கோளாறா?
பேனர் டிசைனர், பரமக்குடி

இல்லை, விண்டோஸிலும் இதே கூத்துதான். பழைய போட்டோஷாப்புக்குத் தமிழ் யூனிகோடு எழுத்தைக் கோக்கத் தெரியாது. ஊர் முழுக்க பேனர்காரர்கள் யூனிகோடு அல்லாத பழைய ஃபான்ட்டான பாமினியை விடாமல் இருப்பது அதனால்தான். பாமினியை வைனின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டால் வேலை நடக்கும். யூனிகோடுதான் வேண்டும் என்றால் ஜிம்ப் என்ற இலவச போட்டோ எடிட்டரில் அடியுங்கள், சரியாக வரும். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பைப் போடுங்கள்.

ஜிம்ப் சாஃப்ட்வேரை 1,500 ரூபாய்க்குப் பென் டிரைவில் வாங்கினேன். அது இலவசமாமே, ஏமாந்துவிட்டேனா?
வாசகர், ஆம்பூர்

விற்பது சட்டப்படி குற்றமில்லை, அதன் உரிமமே அனுமதிக்கிறது. பென் டிரைவ் எத்தனை ஜிபி?