பழையதாக வாங்கிய கிராபிக்ஸ் கார்டில் கேம் ஆடும்போது அடிக்கடி திரை கருப்பாகிவிடுகிறது. பவர் சப்ளையை மாற்ற வேண்டுமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். இதே யோசனையைக் கேட்டு நான் 4,200 ரூபாய்க்குப் புதிய பவர் சப்ளை வாங்கினேன். அதன் பிறகும் என் கார்டு அதே பதினைந்தாவது நிமிடத்தில் நின்றது. அதனால்தான் உங்கள் கேள்வியைக் கடந்துபோக மனம் வரவில்லை.

எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும் மைனிங் முறையை 2022 செப்டம்பரில் கைவிட்ட பிறகு, அதுவரை இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் விலை குறைந்து சந்தைக்கு வந்தன. அந்த ஆண்டுக் கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் 8 ஜிபி ஆர்எக்ஸ் 580 கார்டு ஒன்றை 6,500 ரூபாய்க்கு, ஏழு நாள் செக்கிங் வாரண்டியுடன் (ஓட்டிப் பார்த்துப் பழுதிருந்தால் திருப்பித் தரும் அவகாசம்) வாங்கினேன். கேம் தொடங்கிப் பத்து, பதினைந்து நிமிடம் ஒழுங்காக ஓடும். பிறகு திரை கருப்பாகிவிடும், சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். விண்டோஸின் பிழைப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணுடன், டிஸ்ப்ளே டிரைவர் நின்று மீண்டதாகப் பதிவாகியிருக்கும். அதைப் பார்த்து டிரைவரைத்தான் நானும் முதலில் சந்தேகித்தேன். உண்மையில், கார்டு இரண்டு வினாடிக்கு மேல் பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரை மறுபடி தொடங்குகிறது. அந்தப் பதிவு சொல்வது அவ்வளவுதான், காரணத்தை அல்ல.

மூன்றாம் நாள் கார்டைக் கடைக்கு எடுத்துச் சென்றேன். இரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டிவிட்டு, "நல்லாத்தானே ஓடுது, உங்க பவர் சப்ளைதான் சார் பிரச்சினை" என்றார்கள். சூடேறப் பதினைந்து நிமிடம் ஆகும் ஒரு பழுதை இரண்டு நிமிடத்தில் சோதித்துவிட்டு, வாரண்டி நாட்கள் கழியும்வரை வாடிக்கையாளரை அலையவிடுவது எந்த வகையில் நியாயம் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. எல்லாக் கடைக்காரர்களையும் நான் சொல்லவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

பழுதைக் காட்டிக்கொடுத்தது ஒரு எளிய சோதனை. கார்டின் வேகத்தை மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் மெமரி வேகத்தை 2000 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1750-க்குக் குறைத்தேன். கார்டு இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடியது. பழையபடி 2000-இல் வைத்து ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளில் விரேம் (கார்டின் மெமரி) சோதனையை ஓட்டியபோது, பன்னிரண்டாவது நிமிடத்திலிருந்து பிழைகள் வரிசையாக வந்தன. அப்போதும் கோரின், அதாவது கார்டின் முதன்மைச் சிப்பின், வெப்பநிலை 72 டிகிரிதான். அந்தக் கார்டில் மெமரிச் சிப்புகளின் சூட்டைக் காட்டும் சென்சார் கிடையாது என்பதால், கோர் எண்ணை மட்டும் பார்த்து நானும் ஏமாந்திருந்தேன்.

சிப்புகளின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட்சிங்கைக் கழற்றினேன். எட்டு மெமரிச் சிப்புகளில் ஏழின் மேலிருந்த தெர்மல் பேடுகளில் (சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் மெத்தென்ற பட்டைகள்) சிப்பின் சதுரம் ஆழமாகப் பதிந்து, ஓரங்களில் எண்ணெய் கசிந்திருந்தது. எட்டாவது பேடு மட்டும் நிறம் மாறாமல், அச்சு எதுவும் விழாமல் வழவழவென்று இருந்தது. முன்பு யாரோ மாற்றும்போது மெல்லிய பேடை வைத்திருக்கிறார்கள். அது ஹீட்சிங்கைத் தொடவே இல்லை. எட்டையும் சரியான தடிமனில் மாற்றி, கோருக்குப் புதிய பேஸ்ட் வைத்த பிறகு, கார்டு 2000-இலேயே பிழையின்றி ஓடுகிறது.

பவர் சப்ளைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆர்எக்ஸ் 580-இன் மின்தேவை 185 வாட். மதர்போர்டு ஸ்லாட் தருவது 75 வாட், மீதி 8 பின் கேபிள் வழியாகத்தான் வர வேண்டும். நீங்கள் அந்த 8 பின்னை மோலெக்ஸ் (பழைய வகை நான்கு பின் மின் இணைப்பு) அடாப்டரிலிருந்து எடுத்திருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். கேம் தொடங்கிச் சுமை ஏறிய உடனே கணினியே அணைந்துவிட்டால் பவர் சப்ளையைச் சந்தேகிப்பதில் தவறில்லை. சில நிமிடம் ஓடிய பிறகு திரை மட்டும் போனால், மெமரி வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். அதற்குச் செலவே கிடையாது.

செக்கிங் வாரண்டி இன்னும் மிச்சமிருந்தால் ஹீட்சிங்கைத் திறக்காதீர்கள். திறந்த கார்டைத் திரும்ப வாங்க மாட்டார்கள். விரேம் சோதனையில் பிழைகள் வருவதை நேரம் தெரியும்படி வீடியோ எடுத்து, அதே சோதனையைக் கடையிலும் அரை மணி நேரம் ஓட்டச் சொல்லி, முடியும்வரை அங்கேயே இருங்கள்.