கருக்கலைப்பும் கணவரின் கையெழுத்தும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022இல் கருக்கலைப்பு உரிமையைப் பறித்ததைக் கண்டித்து எழுதியிருந்தீர்கள். கரு ஓர் உயிர் என்று நம்புகிறவன் நான். இதில் அரசு நடுநிலையாக இருக்க வேண்டும் என்கிறது தனிமனித சுதந்திரத்தை முன்வைக்கும் தாராளவாதம். கலைக்கலாம் என்று அனுமதித்தாலே ஒரு பக்கம் சாய்ந்ததாகாதா? இன்னொன்று: காரைக்குடிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் என் உறவுக்காரப் பெண்ணிடம், கணவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றார்கள். சட்டமே அப்படித்தானா?

– ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

கரு உயிரா இல்லையா என்பதில்தான் எல்லாம் நிற்கிறது என்று எடுத்துக்கொள்கிறீர்கள். 1971இல் அமெரிக்கத் தத்துவவாதி ஜூடித் ஜார்விஸ் தாம்சன் அந்த இடத்திலேயே மறித்தார். முழு மனித உயிர் என்றே வைத்துக்கொள்வோம். அதனாலேயே இன்னொருவர் உடம்பை அவர் சம்மதமில்லாமல் பயன்படுத்தும் உரிமை வந்துவிடுமா என்று கேட்டார். மகன் சிறுநீரகம் பழுதாகிச் சாகக் கிடந்தாலும் தகப்பனின் சிறுநீரகத்தைச் சட்டம் பிடுங்கித் தருவதில்லை. அனுமதிக்கும் அரசு உங்கள் நம்பிக்கையைப் பொய் என்று சொல்லவில்லை. சுமக்க விரும்பும் பெண்ணையும் அது காக்கிறது: அவள் சம்மதமின்றிக் கலைப்பவருக்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 89ஆம் பிரிவில் ஆயுள் தண்டனை வரை உண்டு. தடை போடும் அரசுதான் ஒருவர் நம்பிக்கையை இன்னொருவர் உடம்பின் மேல் சுமத்துகிறது.

ஆனால் நம் சட்டத்தை முழுமனதாகத் தாராளவாதச் சட்டம் என்று சொல்ல மாட்டேன். அதே சன்ஹிதாவின் 88ஆம் பிரிவில் கருக்கலைப்பு இன்னும் குற்றம். தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அதில் குற்றவாளி. 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் அதற்கு ஒரு விலக்கு, அதுவும் மருத்துவருக்கு. 20 வாரம் வரை ஒரு மருத்துவர் தகுந்த காரணம் உண்டு என்று கருத வேண்டும். 20 முதல் 24 வரை இருவர். அதுவும் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர், சிறுமி, கர்ப்பகாலத்தில் விதவையானவர் போன்றோருக்குத்தான். மணமாகாதவரும் இதில் சேர்த்தி என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 24க்கு மேல், கருவில் பெருங்குறை இருந்தால் மருத்துவ வாரியம் முடிவு செய்யும். உயிர் காக்க உடனே செய்தாக வேண்டுமென்றால் வார வரம்பு இல்லை. முதல் 12 வாரத்திலாவது காரணம் கேட்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கையெழுத்தைப் பொறுத்தவரை குழப்பமே இல்லை. 18 வயது நிரம்பிய, மனநோய் இல்லாத பெண் என்றால் அவள் சம்மதம் மட்டும் போதும் என்கிறது மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின் 3(4) பிரிவு. உங்கள் பக்கத்து நகரத்தார் சமூகத்தின் கோயில் கணக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி, அதாவது ஒரே எண்ணிக்கை. இந்தச் சட்டத்தின் கணக்கில் அவள் தனி ஆள். நாளை கணவர் வந்து சண்டை பிடிப்பாரோ என்ற பயத்தில்தான் மருத்துவமனைகள் கேட்கின்றன. அதில் நாள் போகிறது. வாரங்களைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவதால், கரு தரிப்பதற்கு முந்தைய சுமார் இரண்டு வாரமும் கணக்கில் ஏறிவிடும். சிங்கப்பூரில் இருக்கும் கணவரின் கையெழுத்துக்குக் காத்திருந்து 19ஆவது வாரம் 21 ஆனால், பலருக்குக் கதவே மூடிவிடுகிறது.

அந்தப் பெண்ணைச் சம்மதப் படிவமான படிவம் 'சி' கேட்கச் சொல்லுங்கள். 'இன்னார் மகள்/மனைவி' என்ற இடம் அடையாளத்துக்கு மட்டும், கையெழுத்து அவளுடையது. மறுத்தால் எழுத்தில் தரச் சொல்லிவிட்டு, அன்றே வேறொரு அங்கீகாரம் பெற்ற மையத்துக்கோ சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகட்டும். அவள் பெயரை வெளியே சொல்லும் மருத்துவருக்கு அதே சட்டத்தின் 5ஏ பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. கணவர் என்பதற்காக அந்தப் பிரிவு தனி விலக்கு எதுவும் தரவில்லை.