கடன் கொடுத்தவருக்குப் பங்கில்லையா?

கேள்வி: வளரும் நாடுகள் ஊழலாலும் ஊதாரித்தனத்தாலும்தான் நிதி நெருக்கடியில் சிக்குகின்றன. அப்படியிருக்க, வெளிநாட்டு முதலீட்டாளர்களையும் ஐ.எம்.எஃப்.பையும் (சர்வதேச நாணய நிதியம்) குறை சொல்வது என்ன நியாயம்?

பதில்: உங்கள் கணக்கில் தாய்லாந்தை எங்கே வைப்பீர்கள்? 1997 ஜூலை 2 அன்று அதன் நாணயமான பாட் சரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டுவரை அந்த அரசின் பட்ஜெட்டில் உபரி இருந்தது. மக்கள் சேமிப்பும் மிக அதிகம். கடன் வாங்கிக் குவித்தவை தனியார் வங்கிகளும் நிதி நிறுவனங்களும்தான். டாலரில், குறுகிய காலத் தவணையில் வாங்கி, பாட் நாணயத்தில் வருமானம் தரும் கட்டடங்களிலும் மனைகளிலும் போட்டன. டாலருக்கு 25 பாட் என்று அரசு பிடித்து வைத்திருந்தவரை இது யாரையும் உறுத்தவில்லை. பிடி விட்டதும், 1998 ஜனவரியில் டாலர் 50 பாட்டைத் தாண்டியது. புதிதாக ஒரு டாலர்கூட வாங்காமலே கடன் சுமை இரண்டு மடங்கானது. கொடுத்தவர்களோ தவணையைப் புதுப்பிக்க மறுத்துப் பணத்தோடு வெளியேறினார்கள்.

ஊழல் என்கிறீர்களே, இந்தோனேசியாவைப் பாருங்கள். அதிபர் சுகார்த்தோ குடும்பத்தின் ஊழல் 1997-இல் திடீரென்று முளைக்கவில்லை. பல்லாண்டுகளாக ஊரறிந்த விஷயம். அதே நாட்டைத்தான் 1993-இல் உலக வங்கி ‘கிழக்காசிய அற்புதம்’ என்று புகழ்ந்த பட்டியலில் சேர்த்தது. அதை நம்பித்தான் வங்கிகள் கடனை வாரிக் கொடுத்தன. நெருக்கடி வந்த பிறகுதான் எல்லாருக்கும் ஊழல் கண்ணில் பட்டது. 1997 நவம்பரில் ஐ.எம்.எஃப். திட்டத்தின்படி 16 வங்கிகளை மூடினார்கள். எல்லா டெபாசிட்டுக்கும் உத்தரவாதம் தராமல் மூடியதால், மற்ற வங்கிகளிலிருந்தும் மக்கள் பணத்தை எடுக்க ஓடினார்கள். அடுத்த ஆண்டு நாட்டின் உற்பத்தி சுமார் 13 சதவீதம் சுருங்கியது. வேலையும் சேமிப்பும் இழந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு டாலர்கூடக் கடன் வாங்காதவர்கள். எனக்குத் தாங்காதது இதுதான்.

மெக்சிகோ 1982-இல் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்ததிலும் அதன் சொந்தத் தவறுகள் உண்டு. ஆனால் அமெரிக்கா தன் பணவீக்கத்தை அடக்க வட்டியை 20 சதவீதத்தை ஒட்டி ஏற்றியபோது, மாறும் வட்டிக்குக் கடன் வாங்கியிருந்த லத்தீன் அமெரிக்கா முழுவதும் ஒரு பத்தாண்டு வளர்ச்சியை இழந்தது.

உங்கள் குற்றச்சாட்டு நன்றாகப் பொருந்தும் இடமும் இருக்கிறது. இலங்கை 2019 இறுதியில் மதிப்புக் கூட்டு வரியை 15-இலிருந்து 8 சதவீதமாக வெட்டியது. 2021-இல் ரசாயன உர இறக்குமதியை எந்த முன்னேற்பாடும் இல்லாமல் தடை செய்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. ஆட்சியாளர்களின் பொறுப்பை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த நாட்டின் கடன் பத்திரங்களை வாங்கியவர்கள், ‘பணம் திரும்பாமல் போகலாம்’ என்ற அபாயத்துக்காகவே பணக்கார நாடுகள் தருவதைவிடக் கூடுதல் வட்டி பெற்றார்கள். அபாயத்துக்குக் கூலி வாங்கியவர், அது நேரும்போது நட்டத்திலும் பங்கேற்க வேண்டும்.

ஒரு கம்பெனி நொடித்தால் திவால் சட்டம் இருக்கிறது. கொடுத்தவர், வாங்கியவர் இருவரும் விட்டுக்கொடுத்தாக வேண்டும். நாடுகளுக்கு அப்படியொரு சட்டமே கிடையாது. 2001-இல் ஐ.எம்.எஃப்.பின் துணைத் தலைமைப் பொறுப்பிலிருந்த ஆன் க்ரூகர் அத்தகைய ஏற்பாட்டை முன்மொழிந்தார். அமெரிக்காவின் எதிர்ப்பால் 2003-இல் அது கைவிடப்பட்டது. அதன் விலையை ஆப்பிரிக்க நாடான ஜாம்பியா கொடுத்தது. 2020 நவம்பரில் தவணை தவறிய அந்த நாடு, கடன் கொடுத்த அரசுகளோடு உடன்பாடு காண 2023 ஜூன் ஆனது. பத்திரம் வைத்திருந்த தனியாரோடு முடிக்க 2024 ஆனது.