பாஸ்டரம்மா பதில்கள்: “நல்லவர் என்று பாட வாய் வரவில்லை”

கேள்வி: என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. வாரம் இரண்டு நாள் மதுரை பெரியாஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிறேன். அவர் தென்னந்தோப்பில் தேங்காய் வெட்டுகிறவர். வீட்டைச் சுற்றித் தென்னைதான், ஆனால் ஒரு இளநீர் குடிக்கக் கூடாது. தண்ணீர்கூட அளந்துதான். சபையில் சிலர், “உங்கள் வீட்டில் அறிக்கை செய்யாத பாவம் ஏதோ இருக்கிறது” என்கிறார்கள். உபவாச ஜெபத்துக்கு வந்த ஒரு ஊழியர், “டயாலிசிஸை நிறுத்திவிட்டு விசுவாசத்தில் நில்லுங்கள்” என்றார். “சகலமும் நன்மைக்கே” என்று வாட்ஸ்அப்பில் தினமும் வசனம் வருகிறது. ஆராதனையில் கர்த்தர் நல்லவர் என்று எல்லாரும் பாடும்போது எனக்கு வாய் வரவில்லை அம்மா. ஜெபிக்க உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது. நான் விசுவாசத்தை விட்டு விலகி, பின்மாற்றத்தில் விழுந்துவிட்டேனா?
— பெயர் வெளியிட விரும்பாத சகோதரி, சோழவந்தான்

பதில்: உனக்கு என் மகள் வயதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். மகளே என்றே கூப்பிடுகிறேன்.

முதலில் அவசரமானது. டயாலிசிஸை ஒரு தடவைகூட விடாதே. சிறுநீரகம் வேலை செய்யாதபோது இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போகும். அளவு மீறினால் இதயமே நின்றுவிடலாம். டாக்டர் இளநீர் வேண்டாம் என்பதும் அதனால்தான். நிறுத்தச் சொன்னவர் யாராக இருந்தாலும் அவர் பேச்சை வாசலோடு விட்டுவிடு. எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் 15 வருஷம் ஆயுசு கூட்டித் தருவதாகக் கர்த்தரே வாக்குக் கொடுத்தார். அப்படியிருந்தும் ஏசாயா தீர்க்கதரிசி, அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து அவருடைய பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னாரே! மருந்து போட்டதால் ராஜாவுக்கு விசுவாசம் குறைந்துபோனது என்று வேதத்தில் எங்கேயும் இல்லை. நாலு மணி நேரம் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நீ உட்கார்ந்திருக்கிறாயே, அதுவும் விசுவாசத்தில் நிற்பதுதான்.

அடுத்து, பாவம் என்கிற பேச்சு. பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்களும் இதையேதான் கேட்டார்கள். “இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல” என்று இயேசு சொல்லிவிட்டார் (யோவான் 9:3). மறுபடி யாராவது ஆரம்பித்தால் இந்த வசனத்தை எடுத்துக் காட்டு, வாக்குவாதம் வேண்டாம். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும்தான் பெரும்பாலும் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. ஜெபிக்கிற வீடு, ஜெபிக்காத வீடு என்று அவை பார்ப்பதில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் மதுரையைச் சுற்றியுள்ள கிராமச் சபைகளில் பிரசங்கம் பண்ணியே வாழ்ந்தவர். ஓய்வு பெற்ற பிறகு பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. நாம் சொல்வதெல்லாம் புரியும், வாயில்தான் சொல் வராது. காபி வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டி “அது... அது” என்பார். என் பெயரே அவருக்கு வரவில்லை. அந்த மாதங்களில் நானும் ஆலயத்தில் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். எனக்கு முன் பெஞ்சில் பூக்கட்டி விற்கிற ஒரு அம்மா உட்காருவார். சுருதியெல்லாம் சேராது, ஆனால் கர்த்தர் நல்லவர் என்று தொண்டை கிழியப் பாடுவார். நான் அந்தச் சத்தத்துக்குள் நின்றுவிட்டு வீட்டுக்கு வருவேன். என் பங்கையும் அவர்தான் பாடினார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

நானாகச் சொல்லிக்கொள்கிற ஆறுதல் இல்லை இது. கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். மாற்கு என்ன எழுதுகிறார் பார்: “இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு...” படுத்திருந்தவனுக்கு எவ்வளவு விசுவாசம் இருந்தது என்று அவர் விசாரித்ததாக அங்கே ஒரு வார்த்தை இல்லை. தூக்கி வந்தவர்களுடையதைப் பார்த்தார், அது போதுமானதாக இருந்தது. சபை என்று ஒன்று இருப்பதே இதற்குத்தான். இப்போது உன்னைத் தூக்க வேண்டியது அவர்கள். நீ பாடாமல் நில், ஆனால் போய் நில்.

அழுகையைப் பற்றிக் கவலைப்படாதே. 88ஆம் சங்கீதத்தை எடுத்து வாசி. புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்கோ ஸ்தோத்திரத்துக்கோ வந்துவிடும். இது இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள், உன்னைப் போலவும் என்னைப் போலவும் உட்கார்ந்திருக்கிறவர்கள் எடுத்து ஜெபிப்பதற்காக. யோபு தான் பிறந்த நாளையே சபித்தான், தேவனோடு வழக்காடினான். சிநேகிதர்கள் மூன்று பேரும் தேவனுக்காக வக்காலத்து வாங்கினார்கள். கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வந்தது அந்தச் சிநேகிதர்கள்மேல்தான்: “என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை.” மகளே, இனி அவரோடு பேச ஒன்றுமில்லை என்று எழுந்து போவதுதான் பின்மாற்றம். நீ அவர் முன்னால் உட்கார்ந்து அழுகிறாய். நீ எங்கேயும் போகவில்லை.

அந்த வாட்ஸ்அப் வசனத்தை அனுப்புகிறவர்கள் அன்பில்தான் அனுப்புகிறார்கள். ஆனால் ரோமர் 8ஐ 18ஆம் வசனத்திலிருந்து சேர்த்து வாசி. சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது, நாமும் தவிக்கிறோம், என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியாதபோது ஆவியானவர்தாமே “வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு” நமக்காக வேண்டுகிறார். இதெல்லாம் சொன்ன பிறகுதான் 28ஆம் வசனம் வருகிறது. வார்த்தை வராமல் நீ அழுகிற அழுகை அந்தப் பெருமூச்சோடு சேர்ந்துவிட்டது. சிறுநீரகம் கெட்டுப்போனது நல்ல காரியம் என்று பவுல் சொல்லவே இல்லை. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டாரே. பக்கவாதத்துக்காக நான் ஸ்தோத்திரம் சொன்னதில்லை, சொல்லப்போவதும் இல்லை. அதற்குள்ளும் எங்களை விட்டுப் போகாதவருக்குச் சொல்கிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே பழைய கீர்த்தனை ஒன்றை முணுமுணுத்தேன். கட்டிலிலிருந்து இவர் அடுத்த அடியைப் பாடினார். சொல் பிசகவில்லை, இரண்டாம் சரணம்வரை போனார். நான் அரிவாள்மனையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஓடினேன். டாக்டர் பிறகு விளக்கினார்: பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடது பக்கத்தில், பாட்டுக்கோ வலது பக்கமும் துணை நிற்கும், பேச்சு போன பலரும் இப்படிப் பாடுவார்கள். ஆகவே இதை அற்புதம் என்று நான் எந்த மேடையிலும் சாட்சி சொல்லவில்லை. ஆனால் மூளையை அப்படி வகுத்தவர் நல்லவர் என்று அன்றைக்கு என்னால் மனதாரச் சொல்ல முடிந்தது. நோய் அப்படியேதான் இருக்கிறது. இப்போதும் காபிக்கு “அது”தான்.

உனக்கு அப்படியொரு நாள் எப்போது வரும், எந்த உருவில் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். தேடி அலையவும் வேண்டாம். டயாலிசிஸ் நாட்களில் ஒன்றிலாவது அவரோடு யாராவது போகட்டும் என்று உங்கள் ஆயரிடம் வெட்கப்படாமல் கேள், அன்றைக்கு நீ தூங்கு. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்யலாமா என்று டாக்டரிடம் கேள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் உடனே எடுத்துவிடு.

கேள்வி: மொட்டுப்புழு விழுந்து மல்லிகைத் தோட்டமே போய்விட்டது. கடன் நிற்கிறது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் கொடுக்காமல் விட்டதற்குத் தண்டனை என்கிறார்கள். அப்படியா?
— ஒரு விவசாயி, உசிலம்பட்டி

பதில்: இல்லை ஐயா. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டார், அப்படியல்ல என்று பதிலும் அவரே சொன்னார் (லூக்கா 13). புழுவுக்குத் தோட்டக்கலை அலுவலகத்தில் வழி கேளுங்கள். கடன் கொடுத்தவருக்குச் சேர வேண்டியதை முதலில் கொடுங்கள், காணிக்கை காத்திருக்கும்.

ஆபகூக் 3:17ஐ வாசியுங்கள். அத்திமரம், திராட்சை, ஒலிவமரம், வயல், ஆட்டுக்கிடை, மாட்டுத்தொழுவம் என்று போனதையெல்லாம் ஒன்றுவிடாமல் அந்தத் தீர்க்கதரிசி எண்ணிச் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார். நீங்களும் எண்ணிச் சொல்லுங்கள், குழி குழியாக, கடன் கணக்கோடு. அந்த வரிசையில் நம் ஊர் மல்லியையும் சேர்த்து நான் ஜெபிப்பது உண்டு.

கேள்வி: துக்க வீட்டுக்குப் போனால் எந்த வசனம் சொல்வது?
— பெண்கள் ஐக்கிய சங்கச் சகோதரி, மேலூர்

பதில்: போனதும் வசனம் வேண்டாம். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான். வாசிக்கச் சொல்லி வீட்டுக்காரர்களே கேட்டால் 23ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள். பலருக்கும் மனப்பாடம் என்பதால் அழுதுகொண்டே கூடச் சொல்லலாம்.

அப்புறம், அடக்க ஆராதனை முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி போங்கள். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ், பென்ஷனுக்குக் கருவூலம் என்று அந்த வீட்டுப் பெண் தனியாக அலைகிற நேரம் அது. உங்கள் சங்கத்திலிருந்து ஒருத்தர் அவள்கூட பஸ் ஏறுங்கள்.