பாயில் அம்மாவும் பாப்பாவும்: வாசகியர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்குச் சுகப்பிரசவம் ஆகிப் பத்து வாரங்கள் ஆகின்றன. பகலில் வீட்டில் நானும் குழந்தையும் மட்டுமே இருக்கிறோம். குழந்தையை மடியிலும் கால்மீதும் வைத்துக்கொண்டு ஆசனம் செய்யும் தாய்மார்களைக் கைப்பேசியில் பார்க்கிறேன். நானும் தொடங்கலாமா? எவற்றைச் செய்யலாம், எவற்றைத் தவிர்க்க வேண்டும்?
— வாசகி, கும்பகோணம்

பதில்: ஆறாம் வாரப் பரிசோதனையில் மருத்துவர் தடை எதுவும் சொல்லவில்லை என்றால், உதிரப்போக்கும் முழுமையாக நின்றிருந்தால், தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் இந்த மாதங்களில் நீங்கள் செய்யும் யோகா உங்கள் உடம்புக்கானது; குழந்தை உடனிருந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும், அதைத் தூக்கிச் சுமந்துகொண்டு ஆசனம் செய்யத் தேவையில்லை. உங்கள் குழந்தைக்கு இன்னும் கழுத்து நின்றிருக்காது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது மூன்று, நான்கு மாதங்களில்தான் உறுதிப்படும். ஆகவே நீங்கள் மல்லாந்து படுத்து, குழந்தையை முழங்காலுக்குக் கீழுள்ள கால்பகுதியின்மேல் கிடத்திக் கால்களை உயர்த்தும் 'விமான' விளையாட்டைக் கழுத்து நன்றாக நின்ற பிறகு, அதுவும் இரு கைகளாலும் குழந்தையைப் பிடித்தபடி செய்துகொள்ளலாம்.

உங்கள் உடம்பைப் பற்றியும் ஒரு செய்தி. கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோன்களால் தளர்ந்த மூட்டு இணைப்புகள், பிள்ளை பிறந்த பிறகும் சில மாதங்கள் அந்தத் தளர்ச்சியுடனேயே இருக்கும். முன்பு எட்டாத கால்விரல் இப்போது எளிதாக எட்டினால் அதைத் தேர்ச்சி என்று எண்ணி மேலும் இழுக்காமல், முடிந்த அளவில் முக்கால் பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இடுப்பு மூட்டும் முதுகின் அடிப்பகுதியும் சுளுக்கிக்கொள்வது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கால் பங்கில்தான்.

பயிற்சியைத் தொடங்கும் முதல் இரண்டு வாரங்களுக்குப் படுத்த நிலையில் மூச்சுப் பயிற்சியும், சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்படித் தசைகளுக்கான பயிற்சியுமே போதும். சிறுநீரை அடக்குவதுபோல் அத்தசைகளை மேல்நோக்கி இறுக்கி, மூச்சை அடக்காமல் ஐந்து நொடி வைத்திருந்து, பிறகு முழுமையாகத் தளர்த்துங்கள். தும்மும்போதும் சிரிக்கும்போதும் சிறுநீர் கசிகிறது என்று சொல்லக் கூச்சப்படும் தாய்மார்கள் மிகப் பலர். அவர்களுக்கு வேறு எந்த ஆசனத்தைவிடவும் இதுவே முதல் மருந்து. சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகுவது மட்டும் தவறு.

அடுத்ததாக மார்ஜரி ஆசனம், அதாவது பூனை நிலை. உள்ளங்கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, குழந்தையை உங்கள் இரு கைகளுக்கு நடுவே மல்லாக்கக் கிடத்தி, மூச்சோடு முதுகை வளைத்து நிமிர்த்துங்கள். பச்சிளம் குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தொலைவில் இருக்கும் முகம்தான் தெளிவாகத் தெரியும் என்பதால், உங்கள் முகம் தாழ்ந்து வரும் ஒவ்வொரு முறையும் அது உங்களையே தேடிப் பார்க்கும். தாயும் சேயும் சேர்ந்து செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான ஆசனம் எனக்குத் தெரியவில்லை. மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் சேது பந்தாசனத்தில் குழந்தையை வயிற்றின் மேல் உட்காரவைக்கும் காட்சி அழகாகத்தான் இருக்கிறது. உங்கள் குழந்தை தானாக உட்காரும் வரை அதைப் பக்கத்திலேயே விடுங்கள். பால் குடித்து அரை மணி நேரம் ஆன பிறகு, குழந்தையின் இரு கால்களையும் மெல்ல மடக்கி வயிற்றருகே கொண்டுவந்து நீட்டினால் வாயு பிரியும். வயிற்றை அழுத்தக் கூடாது.

வேகமாக மூச்சுவிடும் கபாலபாதி, பஸ்திரிகா, வயிற்றை உள்ளிழுத்துப் பிடிக்கும் உட்டியாண பந்தம், படகுபோல் உடலை உயர்த்தும் நௌகாசனம், வில்போல் வளையும் தனுராசனம், தோளில் நிற்கும் சர்வாங்காசனம் ஆகியவற்றை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கும் எதுவும் வேண்டாம். இரவில் மூன்று முறை எழுந்தவரின் உடம்பு சமநிலையை எப்போது இழக்கும் என்று சொல்ல முடியாது. மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்தில் குழந்தையை மார்பின்மேல் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். நீங்கள் அயர்ந்து தூங்கிவிடுவீர்கள், அது ஆபத்து. பக்கத்தில் தலையணை, கனத்த துணி எதுவும் இல்லாத சமமான தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மருத்துவத் தடை இல்லாத பிள்ளை பெற்றவர்கள் வாரம் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது. அது மெல்ல மெல்ல எட்ட வேண்டிய அளவு. இன்றைக்குப் பத்து நிமிடம் நடந்தாலே நல்ல தொடக்கம். பயிற்சிக்குப் பிறகு மீண்டும் சிவப்பாக உதிரம் பட்டால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: சிசேரியன் ஆகி மூன்று மாதம். வயிறு இன்னும் ஐந்து மாதக் கர்ப்பம்போல் தெரிகிறது. 'பச்சை உடம்பு, ஆறு மாதம் அசையக் கூடாது. துணியை இறுக்கிக் கட்டினால் வயிறு தானாக வற்றும்' என்கிறார் என் அத்தை. வயிற்றுக்கான ஆசனங்களைத் தொடங்கலாமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் அத்தை சொல்வதில் பாதி சரி. மேல்தோலில் உள்ள தழும்பு சில வாரங்களில் காய்ந்தாலும், அதன் கீழே தைக்கப்பட்ட அடுக்குகள் பழைய வலிமையைப் பெறப் பல மாதங்கள் ஆகும். அதற்காக ஆறு மாதம் அசையாமல் இருக்க வேண்டியதில்லை. நடையும் மூச்சுப் பயிற்சியும் முதல் வாரங்களிலிருந்தே நல்லவை. வயிற்றுக்கான பயிற்சியைப் பன்னிரண்டாம் வாரத்தை ஒட்டி, அறுவை செய்த மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவதே முறை.

அதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரல்களைக் குறுக்காக வைத்து, தலையை மட்டும் சற்றே தூக்குங்கள். நடுவில் இரண்டு விரல்களுக்கு மேல் பள்ளமாக இறங்கினாலோ, அந்தக் கோட்டில் வயிறு கூம்பாகப் புடைத்தாலோ, கர்ப்பத்தில் விலகிய வயிற்றுத் தசைகள் இன்னும் நெருங்கவில்லை என்று பொருள். வயிறு பெரிதாகத் தெரிவதற்குக் கொழுப்பைக் காட்டிலும் இதுவே காரணமாக இருக்கலாம். இந்த நிலையில் படுத்தபடி இரு கால்களையும் தூக்குவதும், படுத்த நிலையிலிருந்து நேராக எழுவதும் விலகலை அதிகப்படுத்தக்கூடும். ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டி, மூச்சை வெளியிடும்போது அடிவயிற்றை மெல்ல உள்ளிழுக்கும் பயிற்சியிலிருந்து தொடங்குங்கள். படுக்கையிலிருந்து எழும்போது ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுந்திருங்கள். நாளொன்றுக்கு எத்தனை முறை குழந்தைக்காக எழுகிறீர்கள் என்று எண்ணிப் பார்த்தால், ஆசனத்தைவிட இந்த ஒரு பழக்கம் தரும் பயன் பெரிது என்று தெரியும். துணி கட்டுவது முதல் வாரங்களில் இதமாக இருக்கும். அது தசையை வலுப்படுத்தாது, மிக இறுக்கினால் அழுத்தம் கீழ்நோக்கி இடுப்படித் தசைகளின்மேல் விழும்.

கேள்வி: யோகா செய்தால் தாய்ப்பால் குறையும், புளித்துவிடும் என்கிறார்களே?
— வாசகி, மதுரை

பதில்: மிதமான பயிற்சியால் பாலின் அளவும் குறையாது, சத்தும் குறையாது, புளிக்கவும் புளிக்காது. பால் கொடுத்துவிட்டுச் செய்தால் மார்பு கனக்காமல் இருக்கும். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

கேள்வி: நாங்கள் எண்ணெய் தேய்த்து, காலில் போட்டு, வலக்கையையும் இடக்காலையும் சேர்த்து மடக்கிக் குளிப்பாட்டினோம். இப்போது என் மருமகள் அதையே 'பேபி யோகா' என்று பணம் கட்டிக் கற்றுக்கொண்டு வருகிறாள். இரண்டிற்கும் என்ன வேறுபாடு?
— பாட்டி ஒருவர், காரைக்குடி

பதில்: நீங்கள் கேட்பதில் இருக்கும் கிண்டல் எனக்குப் புரிகிறது, அம்மா. அந்த வகுப்புகளில் சொல்லித்தரும் அசைவுகளில் பலவும் உங்கள் கைக்கு நன்றாகத் தெரிந்தவைதான். கையையும் எதிர்க்காலையும் குறுக்காகச் சேர்ப்பது, கால்களை மடக்கி நீட்டுவது, உள்ளங்காலைத் தேய்ப்பது எல்லாம் இரண்டிலும் உண்டு. குழந்தையைக் குப்புறக் கிடத்திக் கைகளை ஊன்றித் தலைதூக்கவிடுவதும் நமக்குப் புதிதில்லை. பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவம் என்று பாடுவது, ஐந்தாம் மாதத்துக் குழந்தை கைகளை நிலத்தில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் இந்த நிலையைத்தானே! இன்னும் நகரத் தொடங்காத குழந்தையை விழித்திருக்கும் நேரத்தில், சிறிது சிறிதாக, நாளுக்கு மொத்தம் 30 நிமிடங்களாவது இப்படிக் குப்புறக் கிடத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது. தூங்கும்போது மட்டும் மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும்.

வேறுபாடு என்று சொன்னால், வகுப்பில் குழந்தையின் விருப்பத்தைக் கேட்கப் பழக்குகிறார்கள். குழந்தை விறைத்தாலோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ அங்கே நிறுத்திவிடுவார்கள். நம் வீடுகளில் அழ அழக் குளிப்பாட்டி முடிப்பதே வழக்கமாக இருந்தது. மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதிச் சளி எடுப்பது ஆகியவற்றையும் நீங்கள் விட்டுவிட வேண்டும். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். மற்றபடி உங்கள் மருமகள் பாயில் இருக்கும் அந்த இருபது நிமிடங்களில் பேரப்பிள்ளைக்கு நீங்களே எண்ணெய் தேய்த்துவிட்டால், வகுப்புக் கட்டணத்தில் பாதி மிச்சம்.

கேள்வி: குழந்தையின் கைகளைப் பிடித்துத் தலைக்கு மேல் சுழற்றும் 'யோகா' காணொளி ஒன்றைப் பார்த்தேன். அது குழந்தையைத் திடப்படுத்துமாமே?
— தந்தை ஒருவர், கோவை

பதில்: செய்யவே கூடாது. கையைப் பிடித்து இழுத்தாலே முழங்கை மூட்டு நழுவும் வயது அது. தலை வேகமாகக் குலுங்கினால் மூளையில் இரத்தக்கசிவு ஏற்படலாம். அதற்கு யோகா என்று யார் பெயர் வைத்தாலும் சரி.

கேள்வி: பிரசவமாகி இரண்டு மாதமாகிறது. காரணமில்லாமல் அழுகை வருகிறது. குழந்தையைத் தூக்கவே தோன்றுவதில்லை. பிராணாயாமம் செய்தால் சரியாகும் என்கிறார் தோழி.
— பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: பிள்ளை பெற்ற முதல் நாட்களில் வரும் மனச்சோர்வு பெரும்பாலும் இரண்டு வாரங்களில் தணிந்துவிடும். இரண்டு மாதமாகியும் தொடர்கிறது என்றால் அது மருத்துவம் தேவைப்படும் நோய், உங்கள் குறையன்று. நாசித் துளைகளை மாற்றி மாற்றி மெதுவாக மூச்சுவிடும் நாடி சுத்தியும் மெதுவான நடையும் துணைசெய்யும், சிகிச்சைக்கு ஈடாகா. இந்த வாரமே மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பால் கொடுக்கும் தாய்மார்களுக்குத் தரக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மனஸின் எண் 14416. இரவிலும் பேசலாம், கட்டணமில்லை. உங்களையோ குழந்தையையோ ஏதேனும் செய்துவிடத் தோன்றினால் ஒரு நிமிடமும் தனியாக இருக்காமல் வீட்டாரிடம் சொல்லி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: பூனை நிலையில் கையை ஊன்றினால் கட்டைவிரல் அடியில் சுருக்கென்று வலிக்கிறது. ஆசனத்தையே விட்டுவிடட்டுமா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: வலிக்குக் காரணம் ஆசனமாக இருக்காது, குழந்தையைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கும்போது கட்டைவிரல் விரிந்து, அதன் தசைநாண் வீங்கியிருக்கும். கைக்குழந்தைக்காரர்களுக்கு இது அடிக்கடி வருவதுதான். விரல்களைச் சேர்த்து, குழந்தையின் இடுப்புக்கும் தலைக்கும் அடியில் கையைக் கொடுத்து அள்ளித் தூக்கப் பழகுங்கள். ஆசனத்தில் உள்ளங்கைக்குப் பதிலாக முழங்கை வரை தரையில் ஊன்றிக்கொள்ளலாம். இரண்டு, மூன்று வாரங்களில் வலி குறையவில்லை என்றால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.