கிளிமஞ்சாரோ ஏற 5 நாள் போதுமா?

கேள்வி: எனக்கு 46 வயது. தினமும் காலையில் 8 கிலோமீட்டர் நடக்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லை. வெள்ளியங்கிரி மூன்று முறை ஏறியிருக்கிறேன். போன ஜூனில் லடாக்கின் லே போய், அங்கிருந்து கார்துங் லா கணவாய் வரை காரில் சென்று வந்தேன், ஒன்றும் செய்யவில்லை. வரும் பிப்ரவரியில் தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலை ஏற ஆசை. ஒரு ஏஜெண்ட் மரங்கு வழியில் 5 நாள், 1,250 டாலர் என்கிறார். இன்னொரு நிறுவனம் லெமோஷோ வழியில் 8 நாள், 2,300 டாலர் கேட்கிறது. "உங்கள் உடம்புக்கு 5 நாளே அதிகம், உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் போதும்" என்கிறார் ஏஜெண்ட். 200 டாலர் முன்பணம் கட்டிவிட்டேன். அவர் சொல்வதை நம்பலாமா? — வாசகர், ஈரோடு

பதில்: நம்ப வேண்டாம். 5 நாள் போதாது. உங்கள் உடம்பில் குறை இருப்பதாகச் சொல்லவில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு தவிர, 5 நாள் யாருக்குமே போதாது என்பதால் சொல்கிறேன். மருத்துவராக மலையேற்றக் குழுக்களுடன் போய் வருபவன் நான். இந்தக் கேள்வி எனக்கு மாதம் ஒரு முறையாவது வருகிறது, கேட்கிறவர்கள் பெரும்பாலும் உங்களைப் போல நன்றாக நடக்கக்கூடியவர்கள்தான்.

முதலில் அந்த 5 நாளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதல் இரவு மந்தாரா குடில், 2,720 மீட்டர். இரண்டாம் இரவு ஹொரோம்போ, 3,720. மூன்றாம் நாள் மாலை கிபோ குடில், 4,720. அங்கே நாலைந்து மணி நேரம் படுத்துவிட்டு, நள்ளிரவில் எழுந்து 5,895 மீட்டர் உயரமுள்ள உஹுரு உச்சிக்குக் கிளம்ப வேண்டும். அன்றே ஹொரோம்போவுக்கு இறங்கி, ஐந்தாம் நாள் வெளியே வந்துவிடுவீர்கள். ஒவ்வோர் இரவும் படுக்கை 1,000 மீட்டர் மேலே போகிறது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஒரே இடத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பதுதான் மலை மருத்துவத்தில் சொல்லப்படும் கணக்கு. ஏஜெண்டின் திட்டம் அதைப் போல இரண்டு மடங்கு வேகம்.

உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. அதாவது ஒவ்வொரு மூச்சிலும் பாதி ஆக்சிஜன்தான் உள்ளே போகும். இதற்கு ஈடுகொடுக்க உடம்பு வேகமாக மூச்சு வாங்குகிறது. அப்படி வாங்கினால் ரத்தத்தில் ஒரு வேதிச் சமநிலை குலைகிறது, அதைச் சிறுநீரகம் மெதுவாகச் சரிசெய்கிறது. அந்த வேலைக்கு நாட்கள் பிடிக்கும். தினமும் 8 கிலோமீட்டர் நடப்பது கால்களுக்கும் இதயத்துக்கும் பயிற்சி, சிறுநீரகத்தின் இந்த வேலையை அது ஒரு மணி நேரம் கூட முன்னே தள்ளாது.

சொல்லப்போனால், நல்ல உடற்கட்டு உள்ளவர்கள் இங்கே மாட்டிக்கொள்வதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு முறை கிபோ குடிலில் முப்பத்து நான்கு வயது இளைஞர் ஒருவர், மாரத்தான் ஓடுகிறவர், பங்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கயிறு கையில் இருக்கிறது, முடிச்சு விழவில்லை. பத்து நிமிடம் அதையே செய்துகொண்டிருந்தார். "தலைவலியா?" என்றேன். "லேசாக" என்றார். எழுந்து குதிகால் விரலைத் தொடுகிற மாதிரி நேர்கோட்டில் ஆறடி நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் சுவரைப் பிடித்தார். மூளையில் வீக்கம் தொடங்கிவிட்டதற்கு அது அடையாளம். ஒற்றைச் சக்கரம் வைத்த ஸ்ட்ரெச்சரில் கட்டி, ஆறு பேர் முன்னும் பின்னுமாகப் பிடித்துக்கொண்டு, அந்த இருட்டில் ஹொரோம்போவுக்கு இறக்கினார்கள். கீழே வர வர அவருக்குப் பேச்சு தெளிந்தது. அவருக்கும் 5 நாள் திட்டம்தான் விற்கப்பட்டிருந்தது, கிட்டத்தட்ட உங்களிடம் சொன்ன அதே வார்த்தைகளில்.

டயமாக்ஸ் பற்றி. அது நல்ல மருந்து, நானே எழுதிக் கொடுக்கிறேன். பொதுவாக 125 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று, ஏறத் தொடங்குவதற்கு முந்தின நாளிலிருந்து. மேலே சொன்ன சிறுநீரக வேலையை அது கொஞ்சம் விரைவாக்குகிறது, அவ்வளவுதான். மூன்று நாளை ஏழு நாளாக்காது. விரல் நுனி சுருக்கென்று குத்தும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும், இதெல்லாம் பயப்பட வேண்டியவை அல்ல. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் தாங்களாக வாங்கிப் போட வேண்டாம். நீங்களும் உங்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு, ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பாருங்கள், மலையில் போய் முதல் முறையாகச் சோதிக்காதீர்கள்.

லே பயணத்தை உங்கள் ஏஜெண்ட் ஒரு தகுதியாகச் சொல்லியிருப்பார். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 5 நாள் திட்டத்துக்கு உண்மையான ஒரே விதிவிலக்கு இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கார்துங் லாவில் நெடுங்காலம் இருந்த பலகை 18,380 அடி என்று சொன்னது. அளந்து பார்த்தால் அந்தக் கணவாய் சுமார் 5,359 மீட்டர், அதாவது 17,600 அடிதான். அது போகட்டும். அங்கே நீங்கள் காரில் போய், இருபது நிமிடம் நின்று போட்டோ எடுத்து, லேயின் 3,500 மீட்டருக்கு இறங்கிவிட்டீர்கள். உடம்பு பழகுவது உயரத்தில் பல மணி நேரம் இருக்கும்போதுதான், இருபது நிமிடம் நின்று பார்ப்பதில் அல்ல. லேயில் தூங்கி உடம்பு பழகியது உண்மைதான், ஆனால் கீழே வந்த இரண்டு மூன்று வாரத்தில் அந்தப் பழக்கம் கரைந்துவிடும். ஜூனில் சேர்த்தது பிப்ரவரிக்குக் கையில் இருக்காது.

விதிவிலக்கு இதுதான்: கிளிமஞ்சாரோவுக்குக் கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் வேறொரு மலையில் உயரத்தில் தூங்கி எழுந்தவர்கள். தான்சானியாவின் அருஷா நகரத்துக்குப் பக்கத்தில் மேரு மலை இருக்கிறது. உச்சி 4,560 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். மிரியகாம்பா குடிலில் ஓர் இரவு, 3,570 மீட்டர் உயரத்தில் சேடில் குடிலில் ஓர் இரவு, அங்கிருந்து உச்சி, பிறகு இறக்கம். மேருவை நான்கு நாளில் முடித்து, ஒரு நாள் கீழே ஓய்வெடுத்து, உடனே மரங்கு வழியில் ஏறுகிறவருக்கு 5 நாள் என்பது அவ்வளவு ஆபத்தில்லை. கென்யா மலையில் லெனானா முனை வரை, 4,985 மீட்டர், ஏறி இறங்கி நேராக வருகிறவர்களுக்கும் அப்படியே. ஆனால் கவனியுங்கள்: சில நாள் இடைவெளிதான் இருக்கலாம், இரண்டு மாதம் அல்ல. மேரு ஏறும்போது மோசமான தலைவலியும் வாந்தியும் வந்திருந்தால் இந்த விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்தாது. அப்புறம், மேருவின் நான்கு நாளையும் மரங்குவின் 5 நாளையும் கூட்டினால் ஒன்பது நாள் ஆகிறது. எப்படிப் பார்த்தாலும் மலை அந்த நாட்களை வாங்கிக்கொண்டுதான் விடுகிறது.

பணத்துக்கு வருவோம். தேசியப் பூங்கா கட்டணம் சமீப ஆண்டுகளின் கணக்குப்படி ஒரு நாளைக்கு 70 டாலர், குடிலில் தங்க ஓர் இரவுக்கு 60, கூடாரம் என்றால் 50, மீட்புக் கட்டணம் ஒரு பயணத்துக்கு 20. இதன் மேல் 18 சதவீத வரி. கிளம்பும் முன் இன்றைய கட்டணத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 5 நாள் மரங்குவுக்கு இது 720 டாலர் ஆகிறது. 1,250-ல் மிச்சம் 530. அதில் வழிகாட்டி, சமையல்காரர், மூன்று நான்கு சுமையாளர்கள், அத்தனை பேருக்கும் 5 நாள் சாப்பாடு, வண்டி, ஏஜெண்டின் கமிஷன், அவருக்கு மேலே இருக்கிறவரின் கமிஷன். இதில் யார் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எட்டு நாள் லெமோஷோவுக்குப் பூங்கா கட்டணம் 1,100 டாலர் அளவில் வரும், 1,200 மிச்சம். அந்தப் பணத்தில் ஆட்களுக்கு ஒழுங்காகக் கூலி கொடுக்க முடியும்.

சுமையாளர் ஒருவர் 20 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. நுழைவாயிலில் தராசு தொங்குகிறது, ஒவ்வொரு மூட்டையையும் மாட்டிப் பார்க்கிறார்கள். மலிவு நிறுவனங்கள் சில, தராசைத் தாண்டும் வரை சுமையைப் பிரித்துக் காட்டி, மேலே போனதும் திரும்ப ஒருவர் தலையிலேயே ஏற்றுகின்றன. எனக்கு ஆறாத கோபம் இதில்தான். மூட்டையின் எடையைக் கேட்கிற நுழைவாயில், ஏறுகிறவர் எத்தனை இரவு உயரத்தில் தூங்கப் போகிறார் என்பதைக் கேட்பதில்லை. 5 நாளுக்கு அனுமதிச்சீட்டு கேட்டால் 5 நாளுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். கட்டணத்தை நாள் கணக்கில் வைத்திருப்பதால், நாளைக் குறைப்பதுதான் விலையைக் குறைக்க எளிய வழி என்று ஆகிவிட்டது. ஒரு வாரத்துக்கு ஒரே கட்டணம் என்று வைத்திருந்தால் இந்த 5 நாள் வியாபாரம் பாதி படுத்துவிடும்.

உங்கள் ஏஜெண்டிடம் ஒன்றைக் கேளுங்கள்: பூங்கா அனுமதிச்சீட்டில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும்? இங்கே ஒருவர் பணம் வாங்குவார், மலையடிவார ஊரான மோஷியிலோ அருஷாவிலோ இன்னொருவருக்குக் கைமாற்றுவார், அவர் உரிமம் வைத்திருக்கிற மூன்றாமவரிடம் தள்ளுவார். மலையில் ஏதாவது ஆனால் பொறுப்பு அந்த மூன்றாமவருக்கு, அவர் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்காது. தான்சானியாவில் மலையேற்ற நிறுவனத்துக்கு டாலா என்கிற சுற்றுலா உரிமம் வேண்டும், அதன் நகலை வாங்குங்கள். கேபாப் (KPAP) என்று அழைக்கப்படும் சுமையாளர் உதவி அமைப்பின் பட்டியலில் அந்த நிறுவனம் இருக்கிறதா என்றும் பாருங்கள். "98 சதவீதம் உச்சி தொட்டார்கள்" என்று விளம்பரத்தில் இருந்தால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது அவர்களே எழுதிக்கொண்ட எண். மோஷியில் வந்திறங்கியதும் தெருவில் உங்களைப் பின்தொடர்ந்து "நாளைக்கே ஏறலாம், பாதி விலை" என்பவர்களை அங்கே ஃபிளைகேட்சர் என்பார்கள். அவர்களிடம் நின்று பேசவே வேண்டாம்.

காப்பீடு எடுக்கும்போது 6,000 மீட்டர் வரை செல்லும் என்று எழுத்தில் இருக்கிறதா பாருங்கள், சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் இருக்காது. மேலே லேசான தலைவலிக்கே ஹெலிகாப்டர் கூப்பிடலாம் என்று யாராவது அவசரப்படுத்தினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நடக்க முடிகிற வரை நடந்து கீழே இறங்குவதுதான் வைத்தியம். ஆனால் நேர்கோட்டில் நடக்க முடியாமல் போனாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்து, சளியோடு இருமல் வந்தாலோ, எந்த நேரமாக இருந்தாலும் உடனே இறங்கியாக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பிப்ரவரி நல்ல மாதம், மழை குறைவு. லெமோஷோவில் நான்காம் நாள் 4,600 மீட்டர் லாவா டவர் வரை ஏறி, மதியம் அங்கே சாப்பிட்டுவிட்டு, இரவு 3,960 மீட்டர் பாரான்கோவுக்கு இறங்கித் தூங்குவீர்கள். உடம்பு பழக உதவும் அந்த ஒரு பகலுக்காகவே நான் அந்த வழியைச் சொல்வேன். வழிகாட்டிகள் ஸ்வாஹிலியில் "போலே போலே" என்பார்கள், மெதுவாக மெதுவாக என்று. அவர்கள் காலடியை முந்தாதீர்கள்.

200 டாலர் விஷயம். ஏஜெண்டிடம் மரங்குவிலேயே ஹொரோம்போவில் இரண்டாவது இரவு சேர்த்து 6 நாளாக்கச் சொல்லிக் கேளுங்கள். பூங்கா கட்டணம் கூடுதலாக 153 டாலர் வரும், ஆட்கூலி தனி. இதைவிடக் குறைந்த திட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், இதுவும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. அவர் மறுத்தாலோ, உரிம நகல் தராமல் நாள் கடத்தினாலோ, அந்த 200 டாலரை மறந்துவிட்டு லெமோஷோ நிறுவனத்துக்கு எழுதுங்கள். அவர்களிடமும் டாலா நகலைக் கேளுங்கள்.